தைக்காவிலிருந்து அரியணைக்கு: ஸஃபவிப் பேரரசின் எழுச்சியும் வீழ்ச்சியும்

கி.பி. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இஸ்லாமிய உலகின் பெரும்பகுதி மூன்று பேரரசுகளின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. மேற்கே உஸ்மானியர், கிழக்கே இந்தியத் துணைக்கண்டத்தில் முகலாயர், இவ்விரண்டிற்கும் இடையே பாரசீகத்தில் ஸஃபவிகள். முகலாயர் வரலாறு நமக்குப் பள்ளிப் பாடமாகவே வந்து சேர்ந்தது. கிலாஃபத் இயக்கத்தின் நினைவுகள் வழியாக உஸ்மானியரும் நமக்கு அறிமுகமானவர்களே. ஸஃபவிகளைப் பற்றியோ நம்மிடையே மிகக் குறைவாகவே பேசப்படுகிறது. ஆனால் இன்றைய ஈரான் ஷீஆக்கள் பெரும்பான்மையினராக வாழும் நாடாக இருப்பதும், அதன் மேற்கு எல்லை ஏறத்தாழ இன்றுள்ள கோட்டில் அமைந்ததும் ஸஃபவிகளின் காலத்தில் நிகழ்ந்தவை. மேற்காசிய அரசியலில் 'ஸுன்னி - ஷீஆ' என்னும் சொற்கள் அடிபடும்போதெல்லாம், அந்தப் பிளவு ஆதிகாலந்தொட்டு இதே வடிவில் நிலவி வந்ததைப் போன்ற ஒரு தோற்றம் உண்டாகிறது. அது எவ்வாறு அரசுகளின் எல்லைக்கோடாக மாறியது என்பதை அறிய வேண்டுமாயின் ஸஃபவிகளின் வரலாற்றைப் படித்தாக வேண்டும்.

1501 முதல் 1722 வரை ஏறக்குறைய 220 ஆண்டுகள் நிலைத்த இந்த அரசின் வரலாற்றில் ஓர் ஒழுங்கு தென்படுகிறது. ஒரு தலைமுறையின் நெருக்கடிக்குக் கண்டெடுக்கப்பட்ட தீர்வே, ஓரிரு தலைமுறைகள் கழிந்தபின் புதிய நெருக்கடிக்குக் காரணமாகிவிடுகிறது. அந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகப் பின்தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அர்தபீல் தைக்கா

ஸஃபவிகளின் பெயர் ஓர் அரசரிடமிருந்து வந்ததன்று. ஒரு ஸூஃபி ஞானியிடமிருந்து வந்தது. ஷெய்கு ஸஃபியுத்தீன் (1252 - 1334) ஈரானின் வடமேற்கிலுள்ள அர்தபீல் நகரைச் சேர்ந்தவர். கீலான் பகுதியின் ஷெய்கு ஸாஹிதிடம் பைஅத் பெற்று, அவரது மகளை மணந்து, அவருக்குப் பின் அவரது கலீஃபாவாகப் பொறுப்பேற்றார். அவர் நிறுவிய தரீக்கா 'ஸஃபவிய்யா' எனப்பட்டது. மங்கோலியரின் இல்கானிய ஆட்சியில் அரச குடும்பத்தாரும் அமைச்சர்களும் அவரைப் போற்றினர். அர்தபீல் தைக்காவுக்கு வக்ஃப் நிலங்கள் குவிந்தன. ஷெய்கு ஸஃபியுத்தீன் ஸுன்னத் வல் ஜமாஅத்தைச் சார்ந்தவர். தமிழகக் கடற்கரை முஸ்லிம்களில் பலர் பின்பற்றும் அதே ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றியவர். அவருடைய வழித்தோன்றல்கள் ஷீஆக் கொள்கையை வாள்முனையில் நிலைநாட்டினார்கள் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

மாற்றம் 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிகழ்ந்தது. ஷெய்கு ஜுனைத் என்பவர் தைக்காவின் முரீதுகளைப் படைவீரர்களாக மாற்றினார். அனத்தோலியா, அஸர்பைஜான், சிரியா ஆகிய பகுதிகளின் துருக்கோமன் இடையர் குலங்களே அவருடைய முரீதுகளில் பெரும்பான்மையினர். முறையான மார்க்கக் கல்வி எட்டாத அக்குலங்களிடையே அலீ (ரலி) அவர்கள் மீதான அளவு கடந்த பற்றும், தம் ஷெய்கினைத் தெய்வீக ஆற்றல் உடையவராகக் கருதும் போக்கும் நிலவின. ஜுனைத் 1460இல் ஷிர்வானில் போரிட்டு மாண்டார். அவருடைய மகன் ஹைதர், தம் முரீதுகளுக்குப் பன்னிரு இமாம்களைக் குறிக்கும் பன்னிரண்டு மடிப்புகள் கொண்ட செந்நிறத் தலைப்பாகையை அணிவித்தார். 'செந்தலையர்' எனப் பொருள்படும் 'கிஸில்பாஷ்' என்ற பெயர் அவர்களுக்கு அதனால் வந்தது. ஹைதரும் 1488இல் ஷிர்வானிலேயே கொல்லப்பட்டார்.

ஹைதரின் மனைவி, மேற்கு ஈரானை ஆண்ட ஆக் கோயுன்லு மன்னர் உஸூன் ஹசனின் மகள். இவ்விருவருக்கும் 1487இல் பிறந்தவரே இஸ்மாயீல். தந்தையையும் பின்னர் தமையனையும் இழந்த அச்சிறுவரை முரீதுகள் காஸ்பியன் கடலோரத்து லாஹிஜான் நகரில் மறைத்து வளர்த்தனர். 1499இல், பன்னிரண்டு வயதில், அவர் மறைவிடத்திலிருந்து வெளிப்பட்டார். அடுத்த ஆண்டு அனத்தோலியாவின் எர்ஸின்ஜானில் சுமார் 7,000 கிஸில்பாஷ் வீரர்கள் அவரைச் சூழ்ந்தனர். ரூம்லு, ஷாம்லு, உஸ்தாஜ்லு, தக்காலு, துல்கதிர், அஃப்ஷார், காஜார் முதலிய குலங்கள் அதில் அடங்கும். 1501இல் ஷரூர் போர்க்களத்தில் ஆக் கோயுன்லு படையை முறியடித்துத் தப்ரீஸ் நகருக்குள் நுழைந்த இஸ்மாயீல், 'ஷாஹ்' எனத் தம்மை அறிவித்துக்கொண்டார்.

1501ஆம் ஆண்டின் பிரகடனம்

அரியணை ஏறிய கையோடு, ஹிஜ்ரி 907இல், பன்னிரு இமாம் ஷீஆக் கொள்கையே அரசின் மார்க்கம் என இஸ்மாயீல் அறிவித்தார். அன்றைய ஈரானில் கும், காஷான் போன்ற சில நகரங்கள் நீங்கலாகப் பெரும்பாலான மக்கள் ஸுன்னிகள். பாங்கில் புதிய வாசகம் சேர்க்கப்பட்டது. முதல் மூன்று கலீஃபாக்களையும் பொது இடங்களில் நிந்திக்கும் வழக்கம் அரச ஆணையால் புகுத்தப்பட்டது, மறுத்தவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். ஸுன்னி உலமாக்களில் பலர் உஸ்மானிய நாட்டுக்கும் நடு ஆசியாவுக்கும் இந்தியாவுக்கும் புலம்பெயர்ந்தனர்.

இதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அரசின் மார்க்கமாக அறிவிக்கப்பட்ட கொள்கையைக் கற்பிப்பதற்குத் தலைநகரில் நூல்கள்கூட இல்லை. தேடி அலைந்தபின் ஒரு காழியின் நூலகத்திலிருந்து அல்லாமா ஹில்லியின் சட்ட நூலொன்றின் முதற்பகுதி மட்டுமே கிடைத்ததாக ஸஃபவி வரலாற்றாசிரியர் ஹசன் ரூம்லூ பதிவு செய்துள்ளார். கிஸில்பாஷ்களின் நம்பிக்கைகளோ, கற்றறிந்த ஷீஆ உலமாக்களே ஏற்றுக்கொள்ளாத எல்லைமீறல்களைக் கொண்டிருந்தன. எனவே மார்க்கக் கல்வியைக் கட்டியெழுப்ப லெபனானின் ஜபல் ஆமில், பஹ்ரைன், இராக் ஆகிய இடங்களிலிருந்து அரபு ஷீஆ அறிஞர்கள் அழைக்கப்பட்டனர்.

இஸ்மாயீல் ஏன் இவ்வழியைத் தேர்ந்தார்? அவருடைய தனிப்பட்ட நம்பிக்கையை ஐயுற வேண்டியதில்லை. ஆயினும் அரசியல் தேவையும் வெளிப்படையாகவே தெரிகிறது. மேற்கில் உஸ்மானியர், கிழக்கில் உஸ்பெக்குகள் எனப் பேராற்றல் மிக்க இரு ஸுன்னி அரசுகளுக்கு இடையே புதிய அரசுக்கு ஒரு தனி அடையாளம் தேவைப்பட்டது. துருக்கி மொழி பேசும் போர்க்குலங்களையும், பாரசீக மொழி பேசும் எழுத்தர்களையும் நகரத்தாரையும் ஒன்றாகப் பிணைக்கும் கயிறாகவும் அது பயன்பட்டது. அதே கயிறு எல்லைப்புறத்து ஸுன்னி மக்களின் கழுத்தை இறுக்கியது என்பதை நாம் பின்னர் காண்போம்.

சால்திரான் கற்பித்த பாடம்

முதல் பத்தாண்டுகள் இஸ்மாயீலுக்குத் தோல்வியே இல்லை. 1508இல் பக்தாத் வீழ்ந்தது. 1510இல் மர்வ் நகருக்கு அருகே உஸ்பெக் மன்னர் முஹம்மது ஷைபானீ கான் கொல்லப்பட்டார். அவரது மண்டையோடு பொன் பூசப்பட்டு மதுக்கிண்ணமாக்கப்பட்டது. தம் ஷெய்கு வெல்லப்பட முடியாதவர் என்ற கிஸில்பாஷ்களின் நம்பிக்கை உச்சத்தை எட்டியது. முகலாய அரசை நிறுவிய பாபர்கூட 1511இல் ஸஃபவிகளின் துணையோடுதான் சமர்கந்தை மீட்டார். மறு ஆண்டே அதை இழந்தார் என்பது வேறு.

அனத்தோலியாவில் தம் குடிகளே ஸஃபவி ஷெய்கின் முரீதுகளாக இருப்பதை உஸ்மானிய ஸுல்தான் முதலாம் ஸலீம் பொறுக்கவில்லை. ஷீஆக்களுக்கு எதிராக ஃபத்வாக்கள் பெறப்பட்டன. அனத்தோலியாவின் கிஸில்பாஷ் ஆதரவாளர்கள் கொடுமையாக ஒடுக்கப்பட்டனர். ஆக, மார்க்கத்தை வாளுக்கு உறையாக்கியது ஒரு தரப்பு மட்டுமன்று. 1514 ஆகஸ்ட் 23 அன்று சால்திரான் சமவெளியில் இரு படைகளும் மோதின. உஸ்மானியரிடம் பீரங்கிகளும், துப்பாக்கி ஏந்திய ஜானிஸரி வீரர்களும் இருந்தனர். கிஸில்பாஷ்கள் வில்லையும் வாளையும் ஈட்டியையும் நம்பிய குதிரை வீரர்கள். பீரங்கிகளை அணிவகுக்கும் முன்பே தாக்கிவிட வேண்டும் என்று உஸ்மானியரின் போர்முறையை அறிந்த தளபதிகள் கூறிய ஆலோசனை ஏற்கப்படவில்லை. விளைவு படுதோல்வி. ஸலீம் தப்ரீஸ் வரை வந்து, மேற்கொண்டு செல்லத் தம் வீரர்கள் மறுத்தமையால் திரும்பினார். கிழக்கு அனத்தோலியா ஸஃபவிகளின் கைவிட்டுப் போயிற்று.

நில இழப்பைவிடப் பெரிதாக, தோல்வியே அறியாத ஷெய்கு என்ற நம்பிக்கை அன்று நொறுங்கியது. எஞ்சிய பத்தாண்டுகளில் இஸ்மாயீல் ஒருமுறைகூடப் படைக்குத் தலைமை தாங்கவில்லை. 1524இல் தமது 36ஆம் வயதில் அவர் காலமானார். ஷெய்கு - முரீது என்ற பிணைப்பின் மீது எழுப்பப்பட்ட அரசு, அப்பிணைப்பு தளர்ந்தபின் எதனைப் பற்றி நிற்பது? இனி வந்த மன்னர்கள் அனைவரையும் இக்கேள்வி துரத்தியது.

தஹ்மாஸ்பின் பொறுமை

பத்து வயதில் அரியணை ஏறிய தஹ்மாஸ்ப், 1524 முதல் 1576 வரை 52 ஆண்டுகள் ஆண்டார். முதல் பத்தாண்டுகளில் கிஸில்பாஷ் குலங்கள் ஆட்சிப் பொறுப்புக்காகத் தமக்குள் போரிட்டுக்கொண்டன. அச்சமயம் பார்த்து ஸுலைமான் ஸுல்தான் 1534இல் பக்தாதைக் கைப்பற்றினார். அவர் மும்முறை படையெடுத்து வந்தபோதும் தஹ்மாஸ்ப் நேருக்கு நேர் மோதவில்லை. பயிர்களையும் ஊர்களையும் எரித்து நிலத்தை வெறுமையாக்கிவிட்டுப் பின்வாங்கினார். பசியும் குளிரும் உஸ்மானியப் படையைத் திருப்பியனுப்பின. எல்லைக்கு மிக அருகிலிருந்த தப்ரீஸை விட்டுத் தலைநகர் கஸ்வீனுக்கு மாறியது. 1555இல் அமாஸ்யாவில் இரு அரசுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. 1544இல் அடைக்கலம் தேடி வந்த ஹுமாயூனுக்குப் படை தந்து, முகலாய ஆட்சி மீண்டும் தழைக்க உதவியவரும் தஹ்மாஸ்பே.

அவர் காலத்தில் உலமாக்களுக்கும் அரசுக்கும் இடையிலான உறவு ஒரு வடிவம் பெற்றது. ஜபல் ஆமிலைச் சேர்ந்த ஷெய்கு அலீ அல் கரகீ, மறைந்திருக்கும் இமாமின் பிரதிநிதி என அரசாணையால் ஏற்கப்பட்டார். இமாம் மறைந்திருக்கும் காலத்தில் ஜும்ஆத் தொழுகை நடத்தலாமா? அரசன் தரும் மானியங்களையும் நிலவரி வருவாயையும் உலமாக்கள் பெறலாமா? இவை அன்று கொதித்தெழுந்த வினாக்கள். பெறலாம் என்று கரகீ நூல் எழுதினார். ஷெய்கு இப்ராஹீம் அல் கதீஃபீ அதற்கு மறுப்பு எழுதியதோடு, மன்னர் அனுப்பிய அன்பளிப்பையும் ஏற்க மறுத்தார். முகத்தஸ் அர்தபீலீயும் கதீஃபீயின் பக்கமே நின்றார். நஜஃபிலேயே எளிமையாக வாழ்ந்து 1585இல் மறைந்தார். ஷீஆ உலமாக்கள் அனைவரும் அரியணையின் நிழலில் ஒதுங்கினர் எனக் கொள்வது பிழை. அரசாங்க அறிஞர், அரசை விலக்கிய அறிஞர் என்ற இரு மரபுகளும் அன்றே தோன்றிவிட்டன.

ஷாஹ் அப்பாஸின் மறுகட்டமைப்பு

தஹ்மாஸ்பின் மறைவுக்குப் பின் பத்தாண்டுக் குழப்பம். 1587இல் பதினாறு வயது இளைஞராக அப்பாஸ் அரியணையில் அமர்ந்தபோது, மேற்கை உஸ்மானியரும் குராஸானை உஸ்பெக்குகளும் விழுங்கிக்கொண்டிருந்தனர். அவரது தாயும் உடன்பிறந்தவர் ஒருவரும் கிஸில்பாஷ் தலைவர்களின் சதியில் உயிரிழந்திருந்தனர். தம்மை அரியணையில் ஏற்றியவர்களே தம்மை இறக்கவும் வல்லவர்கள் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அவர் முதலில் செய்தது, இழப்பை ஏற்றுக்கொண்டு காலத்தை விலைக்கு வாங்கியது. 1590இல் தப்ரீஸ் உள்ளிட்ட பரந்த நிலப்பரப்பை உஸ்மானியருக்கு விட்டுக்கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டார். பிறகு படையைச் சீர்திருத்தினார். ஜார்ஜியா, ஆர்மீனியா, சர்காசியா ஆகிய நாடுகளிலிருந்து சிறைபிடிக்கப்பட்டு வந்தவர்களையும் அவர்களின் வழிவந்தவர்களையும் இஸ்லாத்தில் இணைத்துப் பயிற்றுவித்து, மன்னருக்கு மட்டுமே கட்டுப்பட்ட 'குலாம்' படையை வளர்த்தார். துப்பாக்கிப் படையும் பீரங்கிப் படையும் விரிவடைந்தன. குலாம்களில் ஒருவரான அல்லாஹ்வெர்தி கான் ஃபார்ஸ் மாகாணத்தின் ஆளுநராகவும் பேரரசின் முதன்மைத் தளபதியாகவும் உயர்ந்தார்.

1598இல் ஹிராத் மீட்கப்பட்டது. 1603இல் தப்ரீஸ் மீண்டது. 1622இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களைத் துணைக்கொண்டு, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் போர்த்துக்கேயர் பிடியிலிருந்த ஹுர்முஸ் தீவு கைப்பற்றப்பட்டது. அதே ஆண்டு முகலாயரிடமிருந்து கந்தஹாரும், அடுத்து பக்தாதும் வந்து சேர்ந்தன.

இவ்வெற்றிகளின் மறுபக்கத்தையும் எழுதியாக வேண்டும். எல்லைப்புற ஜுல்ஃபா நகரின் ஆர்மீனியர்கள் 1604 - 1605இல் தம் வீடுவாசல்களிலிருந்து பெயர்க்கப்பட்டு ஈரானுக்குள் நடத்திச் செல்லப்பட்டனர். வழியில் மாண்டோர் பலர். எஞ்சியோர் இஸ்ஃபஹானின் எல்லையில் 'புதிய ஜுல்ஃபா'வில் குடியமர்த்தப்பட்டு, பட்டு வணிகத்தில் சலுகைகள் பெற்றனர். ஜார்ஜியாவின் ககேத்திப் பகுதியிலிருந்தும் பெருந்திரளான மக்கள் பெயர்க்கப்பட்டனர்.

புதிய ஜுல்ஃபாவின் வணிக வலை நம் ஊர்வரை நீண்டது. சென்னையில் குடியேறிய அதன் வணிகர்களின் நினைவாக 'ஆர்மீனியன் தெரு' இன்றும் இருக்கிறது. தமிழ் நாவில் அது 'அரண்மனைக்காரன் தெரு' ஆயிற்று. அவர்களுள் ஒருவரான குவாஜா பெத்ரூஸ் உஸ்கான் 1726இல் அடையாற்றின் குறுக்கே கட்டிய பாலம், இன்று சைதாப்பேட்டையில் மறைமலை அடிகள் பாலம் இருக்கும் இடத்தில் இருந்தது. கோல்கொண்டாவின் குதுப் ஷாஹிகளும் பீஜப்பூரின் ஆதில் ஷாஹிகளும் ஸஃபவி அரசோடு நெருங்கிய உறவு கொண்டிருந்தனர். இஸ்ஃபஹானை அடுத்த அர்திஸ்தானிலிருந்து வணிகராகப் புறப்பட்டு, கோல்கொண்டாவின் அமைச்சராகிக் கர்நாடகப் பகுதியை வென்ற மீர் ஜும்லா அக்காலத்து ஈரானியக் குடிப்பெயர்ச்சிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

பாதி உலகம்

1590களின் இறுதியில் அப்பாஸ் தலைநகரைக் கஸ்வீனிலிருந்து நாட்டின் நடுவிலுள்ள இஸ்ஃபஹானுக்கு மாற்றினார். 'நக்ஷெ ஜஹான்' எனப்படும் நகரச் சதுக்கம் ஏறத்தாழ 560 மீட்டர் நீளமும் 160 மீட்டர் அகலமும் உடையது. அதன் தெற்கே 1611இல் தொடங்கப்பட்ட ஷாஹ் பள்ளிவாசல். கிழக்கே ஷெய்கு லுத்ஃபுல்லாஹ் பள்ளிவாசல். மேற்கே ஆலீ காப்பூ அரண்மனை. வடக்கே பெரிய கடைவீதியின் நுழைவாயில். தொழுகை, ஆட்சி, வணிகம் ஆகிய மூன்றும் ஒரே முற்றத்தில் முகம் நோக்கி நின்றன. கிப்லாவின் திசைக்கும் சதுக்கத்தின் திசைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை, வாயிலுக்குப் பின்னால் நடைவழியைத் திருப்பிச் சரிசெய்த கட்டடக் கலைஞரின் நுட்பம் இன்றும் வியப்பூட்டுகிறது. ஸாயந்தே ஆற்றின் மீது அல்லாஹ்வெர்தி கான் கட்டிய 33 வளைவுப் பாலமும் அக்காலத்ததே. 1670களில் அந்நகரில் வாழ்ந்த பிரெஞ்சு நகை வணிகர் ஷார்தான் 162 பள்ளிவாசல்களையும், 48 மத்ரஸாக்களையும், 1,802 வணிகர் சத்திரங்களையும், 273 குளியலகங்களையும் கணக்கிட்டார். 'இஸ்ஃபஹான் பாதி உலகம்' என்ற சொலவடை வெறும் புகழ்ச்சியன்று.

அறிவுலகமும் செழித்தது. மீர் தாமாத், கணிதத்திலும் சட்டத்திலும் வல்ல ஷெய்கு பஹாவுத்தீன் ஆமிலீ ஆகியோரிடம் பயின்ற முல்லா ஸத்ரா, இப்னு ஸீனாவின் தத்துவத்தையும், ஸுஹ்ரவர்தியின் ஒளிக் கோட்பாட்டையும், இப்னு அரபியின் ஞானத்தையும் இணைத்து 'அல் அஸ்ஃபாருல் அர்பஆ' என்னும் பெருநூலை யாத்தார். அவருடைய மற்றொரு நூல் பிற்காலத்தில் இந்திய மத்ரஸாக்களிலும் ஓதப்பட்டது. ஆயினும் முல்லா ஸத்ராவே சட்டப் புலமையை மட்டும் பெரிதெனக் கொண்டோரின் எதிர்ப்புக்கு ஆளாகி, கும் நகரை அடுத்த கஹக் சிற்றூரில் பல்லாண்டுகள் ஒதுங்கி வாழ நேர்ந்தது.

உள்ளிருந்து அரித்தவை

பேரரசின் உச்சத்தைக் கட்டிய அப்பாஸின் கையே அதன் சிதைவுக்கான விதைகளையும் தூவியது. அவற்றுள் மூன்று முக்கியமானவை.

முதலாவது நிலம். பழைய முறையில் மாகாணங்கள் கிஸில்பாஷ் தலைவர்களிடம் விடப்பட்டிருந்தன. அவர்கள் அவ்வருவாயில் குதிரைப்படையைப் பேணினர். குலாம் படைக்கோ கருவூலத்திலிருந்து ரொக்கமாக ஊதியம் தர வேண்டும். அதற்காக மாகாணங்களை ஒவ்வொன்றாக மன்னரின் நேரடி நிலமாக, 'காஸ்ஸா'வாக, மாற்றும் முறையை அப்பாஸ் விரைவுபடுத்தினார். பின்வந்தோர் அதனை மேலும் விரித்தனர். படையை நிறுத்திக் காக்க வேண்டிய ஆளுநரின் இடத்தில் வரி வசூலித்து அனுப்பும் அதிகாரி வந்தார். கருவூலம் நிறைந்தது, எல்லைகள் வெறுமையாயின.

இரண்டாவது வாரிசு. முன்பெல்லாம் இளவரசர்கள் சிறுவயதிலேயே மாகாணங்களுக்கு அனுப்பப்பட்டு ஆட்சியும் போரும் பயின்றனர். சதிக்கு அஞ்சிய அப்பாஸ் அவ்வழக்கத்தைக் கைவிட்டார். 1615இல் தம் மூத்த மகன் ஸஃபீ மிர்ஸாவைக் கொல்லச் செய்தார். வேறு இரு மக்களின் கண்கள் குருடாக்கப்பட்டன. இளவரசர்கள் அந்தப்புரச் சுவர்களுக்குள்ளேயே வளர்ந்தார்கள். 1629இல் அவர் மறைந்தபோது அரியணைக்கு வந்தவர், கொல்லப்பட்ட அதே மகனின் மகன்.

மூன்றாவது அமைதி. 1638இல் பக்தாத் மீண்டும் உஸ்மானியர் வசமாயிற்று. 1639இல் ஸுஹாப் உடன்படிக்கை கையெழுத்தாகி, ஒன்றரை நூற்றாண்டுப் பகை ஓய்ந்தது. மக்களுக்கு அது பெரும் அருள். அரசோ, போர் இல்லையெனில் படைக்குச் செலவேன் என்று எண்ணலாயிற்று. இரண்டாம் அப்பாஸின் ஆட்சி (1642 - 1666) கந்தஹாரை மீட்டது. அதுவே இறுதி ஒளி. 1666 முதல் 1694 வரை ஆண்ட ஸுலைமான் அந்தப்புரத்தை விட்டு வெளிவருவதே அரிதாயிற்று. பஞ்சமும் கொள்ளைநோயும் நாட்டை வாட்டின. வெள்ளியும் பொன்னும் வணிகத்தின் வழியே இந்தியாவுக்கு வடிந்துகொண்டிருந்தன.

1694இல் பட்டத்துக்கு வந்த ஸுல்தான் ஹுஸைன் கொடியவர் அல்லர். இரக்க குணமும் மார்க்கப் பற்றும் உடையவர். யார் எதைச் சொன்னாலும் 'அப்படியே ஆகட்டும்' என்னும் இயல்பினர். அரசவையில் அந்தப்புர அலிகளும் போட்டிக் குழுக்களும் ஆதிக்கம் செலுத்தினர். அக்காலத்தின் பெரும் ஷீஆ அறிஞரும், 'பிஹாருல் அன்வார்' என்னும் ஹதீஸ் களஞ்சியத்தைத் தொகுத்தவருமான முஹம்மது பாகிர் மஜ்லிஸீ இஸ்ஃபஹானின் ஷெய்குல் இஸ்லாமாக விளங்கினார். அவருடைய செல்வாக்கில் மதுவும் சூதும் தடை செய்யப்பட்டன. கூடவே ஸூஃபிகளும் தலைநகரிலிருந்து வெளியேற்றப்பட்டனர். ஒரு தைக்காவில் பிறந்த அரசு தைக்காக்களை மூடியது. ஸுன்னிகள் மீதும் ஏனைய சமயத்தார் மீதும் நெருக்குதல் கூடிற்று. ஆப்கானியர், பலூச்சியர், குர்துகள், தாகிஸ்தானின் லெஸ்கியர் ஆகிய எல்லைப்புற மக்கள் அனைவருமே பெரும்பாலும் ஸுன்னிகள் என்பதை இஸ்ஃபஹான் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

முற்றுகை

கந்தஹாரின் ஆளுநராக அனுப்பப்பட்ட ஜார்ஜியரான குர்கின் கானின் கடுமையை அங்கு வாழ்ந்த கில்ஸாய் ஆப்கானியர்கள் தாங்க இயலவில்லை. அவர்களின் தலைவர் மீர் வைஸ் ஹோத்தக் கைதியாக இஸ்ஃபஹானுக்கு அனுப்பப்பட்டார். அரசவையின் நலிவைக் கண்ணாரக் கண்ட அவர், மன்னரின் நம்பிக்கையையும் பெற்று ஊர் திரும்பி, 1709இல் குர்கின் கானைக் கொன்று கந்தஹாரைத் தனியாட்சியாக்கினார். 1715இல் அவர் மறைந்தார். பின்னர் அவருடைய மகன் மஹ்மூத் தலைமையேற்று, 1719இல் கிர்மான் வரை ஊடுருவினார். இதற்கிடையே 1717இல் பஹ்ரைனை உமானியர் கைப்பற்றினர். 1721இல் லெஸ்கியர் ஷமாகி நகரைச் சூறையாடினர்.

இந்நிலையில் அரசவை செய்தது என்ன? ஓரளவேனும் செயலாற்றக்கூடியவராக இருந்த தலைமை அமைச்சர் ஃபத்ஹ் அலீ கான் தாகிஸ்தானீ ஒரு ஸுன்னி. மன்னரைக் கவிழ்க்கச் சதி செய்கிறார் என்று பகைவர்கள் கோள் மூட்டினர். 1720ஆம் ஆண்டின் இறுதியில் அவரது கண்கள் பறிக்கப்பட்டன. படை திரட்டிக்கொண்டிருந்த அவருடைய உறவினரான தளபதியும் சிறைப்பட்டார். எதிரி வாயிலை நெருங்கும் வேளையில் பேரரசு தன் கண்களைத் தானே பறித்துக்கொண்டது.

1722 மார்ச் 8 அன்று இஸ்ஃபஹானுக்கு அருகிலுள்ள குல்னாபாதில் போர் நிகழ்ந்தது. எண்ணிக்கையிலும் பீரங்கியிலும் ஸஃபவிப் படையே மிகுதி. ஆனால் தளபதிகளிடையே ஒற்றுமை இல்லை. ஒட்டகங்களின் முதுகில் ஏற்றிய சிறு பீரங்கிகளோடு வந்த ஆப்கானியர் வென்றனர். பெருநகரைத் தாக்கிப் பிடிக்கப் போதிய படை மஹ்மூதிடம் இல்லை, ஆகவே முற்றுகையிட்டார். ஏழு மாதங்கள் கடந்தன. உதவிக்கு வந்திருக்க வேண்டிய ஜார்ஜிய மன்னர் வக்தாங், லெஸ்கியருக்கு எதிரான தம் படையெடுப்பை முன்பு அரசவை தடுத்துவிட்ட மனக்கசப்பால் வரவில்லை. நகரத்தார் முதலில் குதிரைகளையும் கழுதைகளையும், பின்னர் நாய் பூனைகளையும், இறுதியில் தோலையும் மரப்பட்டையையும் உண்டனர். பல்லாயிரவர் பட்டினியால் மாண்டனர். உலகின் பாதி எனப்பட்ட நகரின் தெருக்களில் அடக்கம் செய்ய ஆளின்றி ஜனாஸாக்கள் கிடந்தன.

1722 அக்டோபர் 23, ஹிஜ்ரி 1135 முஹர்ரம். ஸுல்தான் ஹுஸைன் இரவல் குதிரையொன்றில் ஏறி ஃபரஹாபாத் அரண்மனைக்குச் சென்றார். அவரே தம் இன்பத்திற்காகக் கட்டிய அம்மாளிகையில்தான் மஹ்மூத் பாசறை அமைத்திருந்தார். தம் தலைப்பாகையிலிருந்த அரச முத்திரையைக் கழற்றி மஹ்மூதின் தலைப்பாகையில் தாமே அணிவித்தார். நான்கு ஆண்டுகளுக்குப்பின் அவர் கொல்லப்பட்டார்.

எஞ்சியவை

பேரரசின் உடலை அண்டை அரசுகள் பங்கிட்டன. 1722இல் தர்பந்தையும் 1723இல் பாக்கூவையும் ருஷ்யாவின் பீட்டர் கைப்பற்றினார். 1724இல் ருஷ்யரும் உஸ்மானியரும் ஈரானின் வடக்கையும் மேற்கையும் பிரித்துக்கொள்ள உடன்படிக்கை செய்தனர். ஸஃபவி இளவரசர் இரண்டாம் தஹ்மாஸ்பின் பெயரால் படை நடத்திய அஃப்ஷார் குலத்து நாதிர், 1729இல் ஆப்கானியரை விரட்டினார்; 1736இல் ஸஃபவி மரபை முடித்துவைத்துத் தாமே ஷாஹ் ஆனார்.

அரியணை ஏறுமுன் நாதிர் விதித்த நிபந்தனை சிந்தனைக்குரியது. கலீஃபாக்களை நிந்திக்கும் வழக்கத்தை ஈரானியர் அறவே கைவிட வேண்டும். இமாம் ஜஅஃபர் ஸாதிக் அவர்களின் சட்டநெறியை நான்கு மத்ஹப்களோடு ஐந்தாவதாக உஸ்மானியர் ஏற்க வேண்டும் என்றார். 1743இல் நஜஃபில் இரு தரப்பு உலமாக்களையும் கூட்டி ஓர் அறிக்கையில் கையொப்பமும் பெற்றார். அவரது நோக்கத்திலும் அரசியல் கலந்திருந்தது. ஆயினும் முயற்சி வேரூன்றவில்லை. உஸ்மானிய அரசு அதை ஏற்கவில்லை. 1747இல் நாதிர் கொல்லப்பட்டதும் அது மறைந்தது. 1501இல் ஓர் அரசாணையால் தொடங்கப்பட்டதை மற்றோர் அரசாணையால் முடித்துவிட இயலவில்லை. இடைப்பட்ட ஏழெட்டுத் தலைமுறைகளில் அது மக்களின் உளமார்ந்த நம்பிக்கையாகவும் வாழ்முறையாகவும் கனிந்துவிட்டிருந்தது. நம்பிக்கைக்குரிய மரியாதை அதற்கு உண்டு. அதன் பெயரால் வரையப்பட்ட பகைக்கோடுகளுக்கு அம்மரியாதை உரியதன்று. அவை அரசர்களின் கணக்கில் எழுதப்பட வேண்டியவை.

இப்னு கல்தூன் 1377இல் எழுதிய 'முகத்திமா'வில், 'அஸபிய்யா' என்னும் குழுப்பிணைப்பே அரசுகளை எழுப்புகிறது என்றும், சில தலைமுறைகளின் சொகுசில் அது கரைந்துபோகும் என்றும் விளக்கினார். ஸஃபவிகளின் வரலாறு அவ்விதிக்குப் பொருந்துகிறது. கூடுதலாக ஒன்றையும் சொல்லித் தருகிறது. இயல்பான பிணைப்பு தளர்ந்தபோது அப்பாஸ் அதற்கு மாற்றாக நிறுவனங்களைக் கட்டி, அரசின் ஆயுளை ஒரு நூற்றாண்டு நீட்டித்தார். அந்நிறுவனங்கள் அனைத்தும் ஒரே மனிதரின் விழிப்பையே அச்சாணியாகக் கொண்டிருந்தன. அந்த இடத்தில் அமர வேண்டியவர்களை அவரே அந்தப்புரத்தில் அடைத்தார். தன்னோடு மாறுபடும் குடிகளுக்கு நீதியும், தன்னைத் திருத்தும் குரலுக்கு இடமும் அளிக்காத அரசு, பள்ளிவாசல்களின் நீலக் குவிமாடங்கள் எத்துணை அழகாயினும், பசித்த நகரத்தைக் காப்பாற்ற வல்லதாக இருக்கவில்லை.

நக்ஷெ ஜஹான் சதுக்கம் 1979இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்கள் பட்டியலில் இடம்பெற்றது. அர்தபீலில் ஷெய்கு ஸஃபியுத்தீனின் தர்காவும் 2010இல் அப்பட்டியலில் சேர்ந்தது. அதே வளாகத்தில், ஞானியான மூதாதைக்கு அருகிலேயே, முதல் மன்னர் இஸ்மாயீலும் அடங்கியுள்ளார். திக்ரு மஜ்லிஸுக்கும் போர்க்களத்துக்கும் இடையே அக்குடும்பம் கடந்த தொலைவை, அருகருகே அமைந்த அவ்விரு கப்ருகளும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.